படுகளத்தில் வந்த தூக்கம்

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மாதம். உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற வழியில் இருக்கும் எங்கள் ஊரில் திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழா நடந்துகொண்டிருந்தது. அந்த விழாவின் கடைசி நாளில், ஊரே கூடி நின்று பார்க்கிற இடத்தில், என் கணவர் செய்த காரியத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வந்துவிடும். அன்றைக்கு முதல் ஐந்து நிமிடம் என் உயிர் என்னிடம் இல்லை என்பதும் உண்மை.

என் கணவருக்கு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. அந்த வருடம் அவருக்குத் தொடர்ந்து நைட் ஷிப்ட் போட்டுவிட்டார்கள். சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு உத்திரமேரூர் போவார், அங்கே நிறுத்திவிட்டுக் கம்பெனி பஸ் ஏறுவார். விடிந்து திரும்புவார். ராத்திரி முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்துவிட்டு வருகிற மனிதர் கட்டையைப் போல விழுந்து தூங்க வேண்டாமா? அதுதான் நடக்கவில்லை. பாயில் இந்தப் பக்கம் புரள்வார், அந்தப் பக்கம் புரள்வார், எழுந்து தண்ணீர் குடிப்பார், திரும்பப் படுப்பார். எங்கள் வீட்டுக்கு சிமெண்ட் ஷீட் கூரை. பத்து மணிக்கே உள்ளே அடுப்பில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவள். அவருக்காகப் பகலில் மெஷினைத் தொடுவதையே நிறுத்தினேன். அப்படியும் தூக்கம் வரவில்லை.

தூக்கம் இல்லாத ஆளோடு குடும்பம் நடத்திப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். சாப்பாட்டில் உப்பு சரியாக இருந்தாலும் சண்டை, குறைந்தாலும் சண்டை. சண்டையை விடுங்கள். ஒரு நாள் காலையில் வரும்போது, நேரான ரோட்டில், எதிரே ஒரு ஈ காக்கை இல்லாத இடத்தில், மனிதர் வண்டியோடு வயலில் இறங்கிவிட்டார். அப்போதுதான் நட்ட வயல் என்பதால் சேற்றில் புதைந்து நின்றது வண்டி. அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. உடம்பெல்லாம் சேறாக வந்து நின்றவரைப் பார்த்து முதலில் நான் சிரித்துவிட்டேன். கண்ணை மூடியது எப்போது என்றே தெரியவில்லை என்று அவர் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. அன்றிலிருந்து காலையில் அவர் வண்டிச் சத்தம் வாசலில் கேட்கிற வரைக்கும் நான் தெருவையே பார்த்துக்கொண்டு நிற்பேன். இந்த மனிதர் தூங்கினால்தான் உயிரோடு வீட்டுக்கு வருவார் என்பது எனக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சொன்னார் என்று ஒரு டப்பாவோடு வந்தார். மெலடோனின் மாத்திரை.

“இன்னாங்க இது, தூக்க மாத்திரயா?” என்று கேட்டேன்.

“தூக்க மாத்திர இல்லமே. ராவானா நம்ம ஒடம்புலயே ஊறுற சமாச்சாரமாம். எனக்குத்தான் ராவு பகல் மாறிப்பூட்சே, அதான் வெளியேருந்து குடுக்கறது.”

“ஒடம்புல ஊறுறத டப்பால வாங்கிக்கினு வந்தீங்களா? நல்லா கீது போங்க” என்றேன். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு ஆசை, இதிலாவது தூங்கிவிட மாட்டாரா என்று.

பஸ் வாலாஜாபாத் தாண்டும்போது ஒரு மாத்திரை போட்டுக்கொள்வார். வீட்டுக்கு வந்து சேர்கிற நேரத்துக்குத் தூக்கம் சரியாக வந்து நிற்குமாம். அவர் வந்தார், தூக்கம்தான் வரவில்லை. ஜன்னலையும் கதவையும் காற்றுக்காகத் திறந்து வைத்துக்கொண்டு, முகத்தில் வெயில் அடிக்க, கையில் போனைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பார். ஒரு வீடியோ முடிந்தால் அடுத்த வீடியோ. நடுவில் என்னைப் பார்த்து, “இன்னும் வேல செய்யல மே” என்பார். பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி தூக்கத்துக்குக் காத்திருந்தார். மாத்திரையும் தீர்ந்துகொண்டே வந்தது, கண்ணுக்குக் கீழே கருப்பும் ஏறிக்கொண்டே வந்தது.

இந்த நிலையில் திருவிழா வந்தது. எங்கள் பக்கத்து அக்னி வசந்த விழா என்றால் பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரியில் கூத்து. இரண்டுக்கும் ஸ்பீக்கர் உண்டு, அதில் ஒன்று எங்கள் வீட்டைப் பார்த்தபடி புளியமரத்தில் கட்டியிருந்தது. கொஞ்ச நஞ்சம் வந்த கோழித் தூக்கமும் போனது. சாமி காரியம் என்பதால் அவர் வாயைத் திறக்கவில்லை. நான் மட்டும் அந்த ஸ்பீக்கரை மனதுக்குள் நன்றாகத் திட்டினேன்.

விழாவின் கடைசி நாள் காலையில் படுகளம். களத்துமேட்டில் மண்ணால் பெரிய துரியோதனன் உருவத்தைப் படுத்த நிலையில் செய்து வைப்பார்கள். அதைச் சுற்றித்தான் பீமனும் துரியோதனனும் சண்டை போடுவார்கள், பாஞ்சாலி கூந்தல் முடிப்பாள். எங்கள் ஊரில் அதற்கு முன்னால், கதை வரிசைக்கு மாறாக, இன்னொரு வழக்கம் உண்டு. பாஞ்சாலியின் ஐந்து பிள்ளைகள் தூங்கும்போது கொல்லப்பட்டார்களே, அவர்களுக்காக ஐந்து குடும்பத்து ஆண்கள் களத்தில் வரிசையாகப் படுப்பார்கள். தலை முதல் கால் வரை மஞ்சள் துணி போட்டு மூடுவார்கள். பாஞ்சாலி ஒப்பாரி வைப்பாள். பிறகு மஞ்சள் தண்ணீர் தெளித்துப் பிரம்பால் தொட்டதும் ஒவ்வொருவராக எழுந்திருப்பார்கள். கதையில் அந்தப் பிள்ளைகள் எழுந்திருப்பதே இல்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு மனது கேட்கவில்லை போலிருக்கிறது, எழுப்பிவிடுவோம். ஐந்து பேரும் எழுந்தால்தான் மற்றதெல்லாம் நடக்கும், சாயங்காலம் தீமிதியும் நடக்கும்.

அந்த ஐந்தில் ஒரு இடம் எங்கள் குடும்பத்துக்கு. என் மாமனார் போன பிறகு என் கணவர்தான் படுக்கிறார். படுக்கிறவர்கள் முந்தின நாளே காப்புக் கட்டிக்கொள்ள வேண்டும். காப்புக் கட்டினவர்கள் ஊர் எல்லையைத் தாண்டி ராத்திரி தங்கக் கூடாது. இவருக்கோ லீவு கிடைக்கவில்லை. விழாவை முன்னால் நின்று நடத்துகிறவர் என் மாமனாரின் அண்ணன், எனக்குப் பெரிய மாமா. அவரிடம் போய் இவர் வாதாடினார்.

“எல்ல தாண்டித் தங்கக் கூடாதுன்றதுதான கட்டுப்பாடு? நான் எங்க பெரிப்பா தங்கறேன்? நின்னுக்கினே வேல பாத்துட்டு நின்னுக்கினே வந்துடறேன்.”

பெரிய மாமா, போய்த் தொலை என்று அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலையில் வந்தார், குளித்தார், மஞ்சள் வேட்டி கட்டினார், களத்துக்குப் போனார். முகம் வெளுத்துத் தொங்கிப்போயிருந்தது. போகிற அவசரத்தில், “பயக்கத்துல பஸ்ல மாத்திரய போட்டுட்டேன் மே” என்று ஒரு வார்த்தை சொன்னார். வேலை செய்யாத மாத்திரைதானே என்று நானும் கண்டுகொள்ளவில்லை.

களத்தில் சுற்றிலும் கயிறு கட்டியிருந்தார்கள். பெண்கள் பக்கத்தில் நானும் என் மாமியாரும் முன்வரிசையில் நின்றோம். ஐந்து பேரும் படுத்தார்கள், கடைசியில் என் கணவர். துணி போட்டு மூடினார்கள். பாஞ்சாலி வேஷம் கட்டியிருந்தவர் செய்யாறு பக்கத்திலிருந்து வந்த கூத்து வாத்தியார். அவர் கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒப்பாரி ஆரம்பித்ததும் எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்குக் கண்ணில் தண்ணீர். முடித்துவிட்டு மஞ்சள் தண்ணீரைத் தெளித்தார், பிரம்பால் முதல் ஆளைத் தொட்டார். அவர் துள்ளி எழுந்தார். கூட்டம் “கோவிந்தா! கோவிந்தா!” என்றது. இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள், நாலாவது ஆள் எழுந்தார்கள்.

ஐந்தாவது ஆள் எழவில்லை.

வாத்தியார் இன்னொரு தடவை தண்ணீர் தெளித்தார், பிரம்பால் தொட்டார். கொஞ்சம் அழுத்தியே தொட்டார். மஞ்சள் துணி அசையவே இல்லை. கோவிந்தா என்று சொல்ல வாயைத் திறந்த கூட்டம் அப்படியே நின்றது. “அம்மா எறங்கிட்டா, யாரும் கிட்ட போவாதீங்க” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. என் மாமியார், “ஐயோ நைனா! ஏந்துருடா நைனா!” என்று கத்தியபடி கீழே உட்கார்ந்துவிட்டார்.

எனக்குச் சாமி ஞாபகமே வரவில்லை, டப்பாதான் ஞாபகம் வந்தது. ஒரு மாத்திரை போட்டாரா, பத்து போட்டாரா? டாக்டரைக் கேட்காமல் பக்கத்து சீட்டுக்காரர் பேச்சைக் கேட்டு வாங்கியதாயிற்றே! எப்படிக் கயிற்றைத் தாண்டினேன், யார் என் கையைப் பிடித்து இழுத்தார்கள், ஒன்றும் தெரியாது. அந்த ஊருக்கு மருமகளாக வந்ததிலிருந்து பொது இடத்தில் நான் குரல் உயர்த்திப் பேசியதுகூட இல்லை. களத்துக்குள் ஓடி அவர் பக்கத்தில் விழுந்து முகத்துத் துணியை விலக்கினேன்.

வாய் லேசாகத் திறந்திருந்தது. ஓரத்தில் எச்சில் வழிந்திருந்தது. வாத்தியாரும் என்ன ஆயிற்று என்று பதறி, கையில் மைக்கோடு குனிந்தார். அப்போது வந்தது ஒரு குறட்டை. மைக்கில் ஏறி, புளியமரத்து ஸ்பீக்கரில் போய், ஏரிக்கரை வரைக்கும் கேட்டிருக்கும். இரண்டாவது குறட்டைக்குக் களமே சிரித்தது. நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்குத் தெரியாது, பக்கத்தில் இருந்தவர்கள் இரண்டும் செய்ததாகச் சொல்கிறார்கள்.

பெரிய மாமா மட்டும் சிரிக்கவில்லை. “இன்னாடா இது, சாமி காரியத்துல கொறட்ட வுட்டுக்கினு! ஒரு கொடம் தண்ணிய கொண்டாந்து மூஞ்சில ஊத்துங்கடா” என்று கத்தினார். யாரோ குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தே விட்டார்கள்.

நான் குறுக்கே கையை நீட்டினேன். “வேணாம் மாமா, ஊத்தாதீங்க. அவுரு தூங்கி எத்தினி மாசமாவுது தெரியுமா? ராவெல்லாம் நிக்கறாரு, பகல்ல கண்ணு மூடல. வண்டியோட சேத்துல வுயுந்தாரே, அதுவும் தூக்கமில்லாமதான். இப்பதான் மாமா தூங்கறாரு. கொஞ்ச நேரம் வுட்டுடுங்க.”

“ஊரே வெயில்ல நின்னுக்கினு கீதும்மா. இவன் தூங்கி ஏந்திரிக்கற வரிக்கும் துரியோதனன் காத்துக்கினு கெடக்கறதா?” என்றார் பெரிய மாமா. அவர் சொல்வதும் நியாயம்தான்.

அப்போது வாத்தியார் மைக்கை இறக்கிவிட்டு, பாஞ்சாலியாகவே இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றார். “பெரியவரே, பெத்தவ நான் சொல்றேன். எம்புள்ள தூங்கறான். தூங்கற புள்ளய எந்தத் தாயாவது தண்ணி ஊத்தி எழுப்புவாளா?”

கூட்டம் கைதட்டியது. வாத்தியார் என் பக்கம் திரும்பி, பாஞ்சாலிக் குரலை விட்டுவிட்டுச் சொந்தக் குரலில் மெதுவாகச் சொன்னார்: “நீ ஒக்காரு தங்கச்சி. திருவிழா சீசன் முச்சூடும் நானும் பகல்ல தூக்கத்துக்கு அலையறவன்தான். இந்தக் கஷ்டம் எனக்குத் தெரியும்.” அவர் யாரோ, நாங்கள் யாரோ. அந்த ஒரு வார்த்தைக்கு நான் அவர் காலில் விழுந்திருப்பேன்.

மைக் செட்டை அணைக்கச் சொன்னார். பல நாளாகக் கத்திக்கொண்டிருந்த ஸ்பீக்கர் நின்றதும் ஊர் திடீரென்று பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது. மிருதங்கக்காரர் தோலை விரலால் தடவுகிற மாதிரி வாசித்தார். வாத்தியார் என் கணவர் தலைமாட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒப்பாரியை விட்டுவிட்டுத் தாலாட்டு பாட ஆரம்பித்தார். முகத்தில் அரிதாரம், தலையில் விரித்துப்போட்ட சவுரி முடி, மீசையை மழித்த அடையாளம். அந்தக் கோலத்தில் ஒரு ஆம்பிளை, இன்னொரு தடி ஆம்பிளையைத் தாலாட்டுகிறார். கேட்கச் சிரிப்பாக இருக்கும். அங்கே ஒருவரும் சிரிக்கவில்லை. இந்தப் பக்கம் நின்ற பெண்கள் ஒவ்வொருவராக ஆராரோ சேர்த்துக்கொண்டார்கள். என் மாமியாரும் தரையில் உட்கார்ந்தபடியே பாடினார்.

வெயில் ஏறியது. இரண்டு பெண்கள் ஒரு புடவையைப் பிரித்து அவர் மேல் நிழல் பிடித்தார்கள். அது போதவில்லை என்று சாமிக் குடையை எடுத்துவரச் சொன்னது யார் என்கிறீர்கள்? பெரிய மாமாதான். வாயில் முணுமுணுத்துக்கொண்டே, கையில் குடையைப் பிடித்துக்கொண்டு அவரே நின்றார். யாராவது இருமினால் திரும்பி முறைத்தார். சண்டைக்குத் தயாராக வந்த பீமனும் துரியோதனனும் கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் துரியோதனனும் கதாயுதத்தில் சாய்ந்து தூங்கிவிட்டார். “ஒருத்தன்தான்னு பாத்தா” என்று தலையில் அடித்துக்கொண்டார் பெரிய மாமா.

முக்கால் மணி நேரம் இருக்கலாம். என் கணவர் தானாகவே கையை முறித்தார், புரண்டார், எழுந்து உட்கார்ந்தார். மேலே குடை, பக்கத்தில் பாஞ்சாலி, எதிரே மொத்த ஊர். திருதிருவென்று விழித்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: “பஸ்ஸு போய்டுச்சா மே?”

வாத்தியார் அவசர அவசரமாகப் பிரம்பை எடுத்து அவர் தோளைத் தொட்டார். “கோவிந்தா!” என்று ஊர் போட்ட சத்தத்தில் துரியோதனனும் எழுந்துவிட்டார். எங்கள் ஊர்ப் படுகளத்தில் அவ்வளவு சந்தோஷமாக ஒரு ஆளை எழுப்பியதில்லை என்று பெரியவர்கள் சொன்னார்கள். சாயங்காலம் தீமிதிக்கு இவர் வரிசையில் நின்றபோது, “தோ பாரு, நெருப்புல படுத்துடாத” என்று சொல்லாத ஆளில்லை. இவர் அசடு வழிந்துகொண்டே தீமிதித்து வந்தார்.

அதற்கடுத்த வாரம் அவரை இழுத்துக்கொண்டு உத்திரமேரூரில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். நடந்ததைச் சொன்னதும் அவர் முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். அந்த மாத்திரை ஆளை அடித்துப் போடுகிற மாத்திரை இல்லையாம். இப்போது ராத்திரி என்று உடம்புக்குச் சொல்லும், அவ்வளவுதான். அது ராத்திரி என்று சொல்லும்போது முகத்தில் வெயிலும் கையில் போனும் பகல் என்று சொன்னால் உடம்பு யார் பேச்சைக் கேட்கும்? களத்தில் முகத்தை மூடி இருட்டாகிவிட்டது, போன் கையில் இல்லை, அசையவும் கூடாது. அதனால் பல நாள் பாக்கித் தூக்கம் வந்து அமுக்கிவிட்டது. இனிமேல் கேட்காமல் எதையும் வாங்கிப் போடாதீர்கள், போட்டுவிட்டு வண்டி ஓட்டவே கூடாது என்று கண்டித்தார். அளவும் நேரமும் எழுதிக் கொடுத்து, கொஞ்ச நாளில் அதையும் நிறுத்தச் சொன்னார். நான் கறுப்புத் துணியை இரட்டையாக மடித்து ஜன்னலுக்குத் திரை தைத்தேன். போனைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் வைத்தேன். ஒரே நாளில் ஒன்றும் மாறிவிடவில்லை. ஆனால் மாதம் திரும்புவதற்குள் மத்தியானம் வரைக்கும் தூங்க ஆரம்பித்தார். உப்புச் சண்டையும் நின்றது. இப்போது நைட் ஷிப்ட் வாரம் மாற்றி வாரம்தான் வருகிறது.

போன மாதம் காஞ்சிபுரத்தில் துணி எடுத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்தேன். பக்கத்தில் செக்யூரிட்டி சீருடையில் ஒரு பெண், ராத்திரி வேலை முடித்து வருகிறவள் போலிருக்கிறது, தலை சாய்ந்து சாய்ந்து கடைசியில் என் தோளில் விழுந்துவிட்டது. முன்பென்றால் நாசூக்காக நகர்ந்திருப்பேன். அன்றைக்கு மடியில் இருந்த துணிக்கட்டைக்கூட அசைக்கவில்லை. பாட்டைக் குறைக்கச் சொல்லி கண்டக்டருக்குக் கையால் ஜாடை காட்டினேன். நான் இறங்க வேண்டிய இடம் வந்தது, போனது. அவள் விழித்துப் பதறி, “ஏங்கா எழுப்பல?” என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. ஒருவர் நிம்மதியாகத் தூங்க வேண்டுமென்றால் அவரைச் சுற்றி நாலு பேர் விழித்திருந்து கொஞ்ச நேரம் சும்மா இருக்க வேண்டியிருக்கிறது. என் வீட்டுக்காரருக்காக ஒரு ஊரே அப்படி நின்றதைப் பார்த்த பிறகு, அந்த நாலு பேரில் ஒருத்தியாக இருக்கக் கிடைக்கிற எந்தச் சந்தர்ப்பத்தையும் நான் விடுவதில்லை.